பத்து வாக்கியம்

இன்றைய சொல் சிவியர்.
பத்து வாக்கியம் எழுத வேண்டும்.
எழுத எழுத அனுப்பலாம்,
ஷீபா மிஸ் உடனுக்குடன் திருத்துவார்,
அவருக்கு டப்ளினில் இப்போது சாயங்காலம்.
டிசம்பரில் தேர்வு. தேறினால் நானும் அங்கே.
தேறாவிட்டால் இதே புதுவயல், இதே நைட் டியூட்டி,
இதே எட்டுக் கட்டில்,
ரைஸ்மில் புகை படிந்து படிந்து
டீ நிறத்துக்கு வந்துவிட்ட இதே ஜன்னல்.

முதல் மூன்றும் சுலபம்.
நோயாளிக்குச் சிவியரான தலைவலி.
நோயாளிக்குச் சிவியரான ரத்தசோகை.
சிவகங்கை மாவட்டத்தில் சிவியரான வறட்சி.
மூன்றாவதுக்கு ஒரு கைதட்டல் படம் வந்தது.

நான்காவது, டாக்டர் சாத்தப்பன்
சிவியராக யோசித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதுவார்.
தப்பு. யோசனைக்கு அது ஒட்டாது.

ஐந்தாவது, கண்டனூர்ப் பெண்ணிடம்
மாமியார் வீட்டில் சிவியராகச் சீர் கேட்டார்கள்.
சீர் என்றால் என்ன?
எவர்சில்வர் அண்டா மட்டும் பதினொன்று, மிஸ்.
அதற்குப் பதில் இல்லை.

ஆறாவது, தூக்கம் வராமலிருக்க
ராத்திரி ஒரு மணிக்குச் சிவியரான காப்பி குடிப்பேன்.
காப்பி ஸ்ட்ராங். சிவியர் இல்லை ஜெசிந்தா.
பால் ஊற்றாதது மிஸ், கடுங்காப்பி.
கடும் என்றால் சிவியர் என்று
நீங்கள்தானே எழுதிப் போட்டீர்கள்?

எங்கள் கடுவுக்கு வாசல், கொல்லை தெரியாது.
வெயிலில் ஏறும், குளிரில் ஏறும்,
ஒரு சொல்லில் ஏறிக்கொண்டு ஏழு வருஷம் பேசவிடாது.
மூன்றாம் கட்டிலுக்கு நீர்க்கடுப்பு,
அதை ஆறு நாள் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று
எனக்கு அவள்மேல் கடுப்பு.
ஆங்கிலத்தில் அதே சொல்
ஒவ்வொரு கதவிலும் நின்று
அனுமதி கேட்டுவிட்டுத்தான் நுழைகிறது.

ஒன்றே முக்காலுக்கு ஆட்டோ.
பஞ்சவர்ணம், வயது நாற்பத்து மூன்று,
மில்லில் நெல் அவிக்கிற வேலை.
நீராவிக் குழாய் விட்டுப்போய்
இடது முழங்கை தொடங்கி விரல் நுனிவரை.
ரப்பர் வளையலைக் கத்தரித்துத்தான் எடுத்தேன்.
கூட வந்த சூப்பர்வைசர்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

படிவத்தில் வலிக்கு மூன்று கட்டம்.
மைல்டு, மாடரேட், சிவியர்.
எப்படிம்மா இருக்கு என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள்.
லேசாத்தான் காந்துது சிஸ்டர்.

காந்துது.
தோலுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து
உமித்தணலை ஊதிக்கொண்டேயிருப்பது.
அதற்கு முன்னால் ஒரு லேசு.

மூன்றாவது கட்டம் என்றால் மதுரை.
மதுரை என்றால் போலீசுக்கு ஒரு சீட்டு போகும்.
சீட்டு போனால் வாரக்கூலி, மில் கொடுத்த ஒற்றை அறை,
அதே மில்லில் மூட்டை தைக்கிற மகன்.
இந்தச் சொல்லின் விலை அவளுக்குத் தெரியும்.
எனக்கு ஸ்பெல்லிங் தெரியும்.

மூன்றாவதில் டிக் போட்டேன்.
கீழே என் பெயர், தேதி, மணி.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்,
அது ஊசியினாலா என்று எனக்குத் தெரியாது.
வெளியே சூப்பர்வைசர் போனில்
யாருக்கோ ஐயா, ஐயா என்றுகொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது.
காப்பி ஆறிப்போய் அடியில் தூள் தங்கியிருந்தது.
அதைக் குடித்துவிட்டு ஏழாவதை எழுதினேன்:
லேசாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

ஷீபா மிஸ் தூங்கவில்லை போல.
இலக்கணம் சரி, என்று வந்தது.
சற்றுக் கழித்து இன்னொன்று:
ஆனால் சிவியர் எங்கே?

மதுரை ரோட்டில், மிஸ்.
இந்நேரம் திருப்பத்தூர் தாண்டியிருக்கும்.